ஒரே விதி, மூன்று தலைமுறை: ஆய்வுச் சீர்திருத்தத்தை ஒரு மலைக் கல்லூரித் துறை கையாள்வது எப்படி

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ புது ஆய்வு விதி வந்தால் துறையில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சுற்றறிக்கை வாட்ஸ்அப் குழுவில் விழும். ‘இந்தக் கல்வியாண்டில் ஒவ்வொருவரும் இரண்டு கட்டுரை வெளியிட வேண்டும்’ என்று மேலே ஒரு வரி சேர்த்திருப்பார்கள். ‘நோட்டட் சார்’, ‘ஓகே மேடம்’ என்று பதில்கள் வரிசையாக வரும். அந்த வரி ஓய்வுக்கு இரண்டு வருடம் இருப்பவருக்கு அவமானமாகப் படுகிறது, நாற்பதுகளில் இருப்பவருக்கு இன்னொரு சுமையாகிறது, கௌரவ விரிவுரையாளருக்கு அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்ற பயத்தைத் தருகிறது. ஒருவர் காதில் வாங்காமல் விட்டுவிடுவார், ஒருவர் அடுத்தவர் கட்டுரையில் பெயர் சேர்த்துக்கொள்வார், ஒருவர் பணம் கட்டிப் போடுவார்.

ஊட்டி, குன்னூர், கூடலூர், கொடைக்கானல் பக்கத்துக் கல்லூரிகளில் துறைத்தலைவராகவோ உள்தர உறுதிப் பிரிவுப் பொறுப்பாளராகவோ இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். பத்துப் பேருக்கு உட்பட்ட சிறிய துறைகளே மனதில் இருக்கின்றன. உதாரணங்கள் பழைய சோவியத் நாடுகளிலிருந்து வருகின்றன. நாம் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத் தவணை முறையில் அனுபவிப்பதை அவர்கள் ஒரே மூச்சில் அனுபவித்தார்கள். யாருக்கு எங்கே அடிபட்டது என்பது அங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

அங்கே நடந்தது

சோவியத் காலத்தில் ஆராய்ச்சி பெரும்பாலும் அறிவியல் அகாதெமியின் நிறுவனங்களில் நடந்தது. பல்கலைக்கழகத்தின் முதல் வேலை கற்பித்தல். பட்டம் இரண்டு படி: முதலில் கந்திதாத், பல ஆண்டு கழித்து தோக்தோர். இரண்டையும் மாஸ்கோவிலிருந்த உயர் சான்றளிப்பு ஆணையம் உறுதி செய்ய வேண்டும். 1991-க்குப் பிறகு சம்பளம் மதிப்பிழந்தது. அமெரிக்கச் செல்வந்தர் ஜார்ஜ் சோரஸ் தொடங்கிய அறக்கட்டளை விஞ்ஞானிகளுக்குத் தலைக்கு 500 டாலர் அவசர உதவி கொடுத்தது. அப்போது அது பெரிய தொகை. பலர் வெளிநாடு போனார்கள், இருந்தவர்கள் இரண்டு மூன்று இடங்களில் வகுப்பெடுத்துப் பிழைத்தார்கள். அதனால்தான் அங்கே நடுத்தலைமுறை மெலிந்து போனது.

சீர்திருத்தம் பிறகு வந்தது. ஐரோப்பிய நாடுகளின் உயர்கல்விப் பட்டங்களை ஒரே முறைக்குக் கொண்டுவரும் போலோன்யா ஒப்பந்தத்தில் ரஷ்யா 2003-லும், உக்ரைன், ஜார்ஜியா, ஆர்மீனியா முதலியவை 2005-லும், கஜகஸ்தான் 2010-லும் சேர்ந்தன. ஜார்ஜியாவில் 2000களின் நடுவில் பேராசிரியர் பதவிகளுக்கெல்லாம் புதிதாகப் போட்டி வைத்தார்கள். வயதில் மூத்தவர்கள் பலர் வெளியே போனார்கள். கஜகஸ்தான் 2011 முதல் பழைய இரட்டைப் பட்டத்தை அடியோடு நிறுத்திவிட்டு பிஎச்.டி.க்கு மாறியது, ஆய்வேட்டைப் பாதி எழுதியிருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். எஸ்தோனியா பழைய கந்திதாத் பட்டத்தை முனைவர் பட்டத்துக்குச் சமமாக ஏற்றுக்கொண்டது, அகாதெமி நிறுவனங்களைக் கலைக்காமல் பல்கலைக்கழகங்களோடு இணைத்தது. மூத்தவர்களைப் பொறுத்தவரை எங்களுக்கு எஸ்தோனியா செய்ததுதான் சரி என்று படுகிறது.

நம் ஊரில் இந்த மூன்று தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். 2009 முனைவர் பட்ட விதிமுறைக்கு முன்பே எம்ஃபில்லோடு பணியில் சேர்ந்தவர்கள் ஒரு பிரிவு. 2010-ல் வந்த, ஆசிரியரின் கற்பித்தலையும் ஆய்வையும் மதிப்பெண்ணாக்கும் ஏபிஐ முறையில் வளர்ந்தவர்கள் அடுத்தது. எம்ஃபில்லே இல்லாமல் போன பிறகு, விரிவுரையாளர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட் எழுதிவிட்டு, ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் பெயரோடே ஆய்வுக்குள் நுழைந்தவர்கள் மூன்றாவது.

முதல் வேலை: ஆண்டுக் கணக்கு

இலக்கு எதுவும் வைப்பதற்கு முன் ஒரு தாளில் அட்டவணை போடுங்கள். ஆளுக்கு ஒரு வரி. கட்டங்கள் எட்டு: பிறந்த தேதி, பணியில் சேர்ந்த ஆண்டு, முனைவர் பட்டம் எந்த ஆண்டு விதியின் கீழ், ஓய்வு தேதி, வாரப் பாடவேளை, பதிவிலிருக்கும் ஆய்வு மாணவர் எண்ணிக்கை, இதுவரை வந்த கட்டுரை எண்ணிக்கை, கையில் சும்மா கிடக்கும் தரவு. கடைசிக் கட்டத்தை யாரும் நிரப்பித் தர மாட்டார்கள். நீங்கள்தான் கேட்டு எழுத வேண்டும்.

இதில் முதலில் கண்ணில் படவேண்டியது 57 வயது. யுஜிசியின் 2022 முனைவர் பட்ட விதிமுறைப்படி, ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வு மாணவரை எடுக்க முடியாது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் ஓய்வு 60 என்றால் 57-ல் அந்தக் கதவு மூடிவிடுகிறது. ஏற்கெனவே பதிந்தவர்களை ஓய்வு வரை வழிநடத்தலாம். ஓய்வுக்குப் பிறகு இணை வழிகாட்டியாக 70 வயது வரை தொடரலாம். அப்படியென்றால் 56-ல் இருப்பவர் இந்த ஆண்டு மாணவர் எடுத்தால், முழுநேர ஆய்வுக்கே குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு என்பதால், அந்த மாணவருக்கு நடுவில் ஒரு வழிகாட்டி மாற்றம் வர வாய்ப்பு அதிகம். அதைப் பதிவின்போதே திட்டமிட்டு, நாற்பதுகளில் இருக்கும் ஒருவரை முதல் நாளிலிருந்து இணை வழிகாட்டியாகச் சேர்த்துவிடுங்கள். கடைசி நேரத்தில் வழிகாட்டி மாற்றம் கேட்டு பல்கலைக்கழகத்துக்கு மனு கொடுத்தால் மாணவருக்கு மாதக்கணக்கில் நாள் போகும்.

அதே விதிமுறை, வழிகாட்டியாவதற்கு முனைவர் பட்டத்தோடு உதவிப் பேராசிரியரிடம் மூன்று கட்டுரையும், இணைப் பேராசிரியர், பேராசிரியரிடம் ஐந்து கட்டுரையும் கேட்கிறது. எல்லாம் சகமதிப்பீட்டு இதழ்களில் வந்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய மாணவர் முறையே நான்கு, ஆறு, எட்டு. அட்டவணையில் யார் இரண்டு கட்டுரையில் நிற்கிறார் என்று பாருங்கள். அவருடைய மூன்றாவது கட்டுரை துறைக்கு நான்கு மாணவர் இடத்தைத் திறக்கும். பத்துக் கட்டுரை வைத்திருப்பவர் பதினொன்றாவது எழுதுவதால் துறைக்குப் பெரிதாக எதுவும் கூடாது. ‘எல்லோரும் இரண்டு’ என்ற இலக்கு தோற்கும் இடம் இது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, 2009 ஜூலை 11-க்கு முன் பிஎச்.டி.க்குப் பதிந்தவர்கள். நெட் விலக்குக்கு அவர்கள் ஐந்து நிபந்தனைச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும்: முறையான வழியில் பெற்ற பட்டம், இரண்டு வெளித் தேர்வாளர், பொது வாய்மொழித் தேர்வு, இரண்டு கட்டுரை, இரண்டு கருத்தரங்க உரை. பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அல்லது டீன் கையெழுத்து அதில் இருக்கும். பதவி உயர்வுக் கோப்பு நகரும் நேரத்தில் இதைத் தேடக் கூடாது, இப்போதே நகல் எடுத்துத் துறையில் வையுங்கள். கஜகஸ்தானில் நடுவழியில் நின்றவர்களை நினைத்துக்கொண்டால் இந்தச் சான்றிதழின் அருமை புரியும்.

தனித்தனியாகக் கேளுங்கள்

துறைக் கூட்டத்தில் மூன்று தலைமுறையையும் உட்காரவைத்து ‘உங்களுக்கு என்ன பிரச்சினை’ என்று கேட்டால் மூத்தவர் மட்டும் பேசுவார். ‘சார் சொல்றதுதான் சரி’ என்று மற்றவர்கள் முடித்துக்கொள்வார்கள். ஆகவே தனித்தனியாக, ஆளுக்கு 30 முதல் 40 நிமிடம். கௌரவ விரிவுரையாளரிடம் துறைத்தலைவரே கேட்கக் கூடாது, வேறு துறைக்காரர் ஒருவர் கேட்கட்டும். பணிநீட்டிப்புக்குப் பரிந்துரைப்பவரிடமே குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

கேள்வி மூன்று போதும். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம் ஆய்வுக்குக் கிடைக்கிறது? கடைசியாக ஒரு கட்டுரை எந்தக் கட்டத்தில் நின்றுபோனது? எந்த விதி மாறினால் உங்களுக்கு நஷ்டம்? மூன்றாவது கேள்விக்கான பதிலை வைத்தே ஒருவர் எந்தத் தலைமுறை என்று சொல்லிவிடலாம். மூத்தவர் எம்ஃபில் வழிகாட்டிய ஆண்டுகள் கணக்கில் வராமல் போவதைச் சொல்வார். நடுவயதுக்காரர் யுஜிசி ஏற்ற இதழ்களின் பட்டியலான கேர் பட்டியலைச் சொல்வார். இளையவர் விதியைப் பற்றிப் பேச மாட்டார், வேலையைப் பற்றிப் பேசுவார்.

இலக்கு ஆளுக்கு அல்ல, துறைக்கு

2012 மே மாதம் ரஷ்ய அதிபர் ஆணையில் ஒரு எண் இருந்தது: வெப் ஆஃப் சயின்ஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் கட்டுரைகளில் ரஷ்யாவின் பங்கு 2015-க்குள் 2.44 சதவீதம் ஆக வேண்டும். இன்னொன்று, 2020-க்குள் ஐந்து பல்கலைக்கழகங்களாவது உலகின் முதல் 100-க்குள் வர வேண்டும். அதற்கென 2013-ல் தனித் திட்டமே தொடங்கினார்கள். காலக்கெடு முடிந்தபோது க்யூஎஸ் பொதுத் தரவரிசையின் முதல் 100-க்குள் இருந்தது மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகம். அது அந்தத் திட்டத்தில் சேர்க்கப்படவே இல்லை. இன்னொரு பக்கம், கட்டுரையில் ஆசிரியர் இடத்தை விலைபேசி விற்கும் கும்பல்கள் முளைத்தன. ஒரே கட்டுரை வேறு வேறு ஆசிரியர் பெயரில் பல இதழ்களில் வந்தது. அகாதெமியின் குழு விசாரித்த பிறகு, 2020 தொடக்கத்தில் ரஷ்ய இதழ்கள் 800-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. எண்ணை மேலிருந்து கீழே தள்ளினால், அது ஆள்வாரியாக இறங்கும்போது இப்படித்தான் முடியும்.

நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு என்பது யுஜிசி அளவு. அதற்கு மேல் தயாரிப்பு, விடைத்தாள், கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்பு, மாணவர் சேர்க்கை. மிச்சம் பிடித்தால் வாரம் 4 மணி நேரம். 30 வேலை வாரத்துக்கு 120 மணி. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடம் கேட்டு எழுதும் ஒரு களஆய்வுக் கட்டுரைக்கு அதுவே இறுக்கம். ஆளுக்கு இரண்டு என்றால் வாரம் 8 மணி வேண்டும். அது வகுப்பிலிருந்துதான் திருடப்படும், இல்லையென்றால் கட்டுரை கடையிலிருந்து வரும்.

ஒன்பது பேர் துறை என்று வைத்துக்கொள்வோம்: 57-ஐத் தாண்டியவர் இருவர், நாற்பதுகளில் நால்வர், கௌரவ விரிவுரையாளர் மூவர். பதினெட்டுக் கட்டுரை கேட்பதற்குப் பதில் ஆண்டுக்கு நான்கு வையுங்கள். நால்வரில் ஒவ்வொருவரும் ஒன்றுக்கு முதல் ஆசிரியர். மூத்தவர்கள் தரவும் வாசிப்பும் தருவார்கள். இளையவர்களில் ஒவ்வொருவரும் ஒரு கட்டுரையில் உண்மையாக உழைத்து இரண்டாவது பெயராக வருவார்கள். துறைத்தலைவர் கையில் இருப்பது கால அட்டவணை ஒன்றுதான். நால்வருக்கும் வாரத்தில் ஒரு அரைநாளை வகுப்பில்லாமல் ஒதுக்கிக் கொடுங்கள், அந்த அரைநாளில் எந்தக் கோப்பும் கேட்காதீர்கள்.

பெயர் சேர்ப்பதில் ஒரு சின்னக் கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. 2018 விதிமுறையில் கலை, மொழிப் பாடங்களுக்கு ஒரு கட்டுரை 10 மதிப்பெண், அறிவியலுக்கு 8. இரண்டு ஆசிரியர் என்றால் இருவருக்கும் தலா 70 சதவீதம், அதாவது 7, 7. மூன்றாவது பெயர் சேர்ந்தவுடன் முதன்மை ஆசிரியருக்கு மட்டும் 7, மற்ற இருவருக்கும் 3, 3. மரியாதைக்காகத் துறைத்தலைவர் பெயரை மூன்றாவதாகப் போட்டால், உண்மையில் உழைத்த இரண்டாமவருக்கு 4 மதிப்பெண் போகிறது. கல்லூரியில் பேராசிரியர் நிலைக்கு 10 கட்டுரையும் (அதில் மூன்று மதிப்பீட்டுக் காலத்துக்குள்) 110 ஆய்வு மதிப்பெண்ணும் வேண்டும் என்பதால் இந்த நான்கு சில்லறை அல்ல. எழுதத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் யார் என்ன செய்வது, யார் பெயர் எத்தனையாவது என்று எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். தேதி கட்டாயம். சண்டை வருவது எப்போதும் ஏற்புக் கடிதம் வந்த பிறகுதான்.

இதழைச் சோதிப்பது

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் பணமும் பெயரும் சேர்ந்து போகும் இடம் இது.

2018 மே மாதம் யுஜிசி தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு கேர் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது. இப்போது இதழின் தரத்தை மதிப்பிடும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில். ஆனாலும் ‘யுஜிசி கேர் அங்கீகாரம், 48 மணி நேரத்தில் ஏற்பு’ என்ற விளம்பரங்கள் குழுக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இல்லாத பட்டியலைச் சொல்லி விற்கிறார்கள் என்பதே முதல் அடையாளம்.

சோதிக்கும் வரிசை இது. இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னை ஐஎஸ்எஸ்என் இணையவாயிலில் போட்டுப் பெயரும் நாடும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்கோபஸ் தளத்தின் மூலங்கள் பக்கம்; சந்தா இல்லாமலே திறக்கும். அங்கே இதழின் பெயரைவிட முக்கியம் அதன் கீழே இருக்கும் ஆண்டுகள். ‘2019 வரை’ என்று நின்றிருந்தால் இப்போது அது ஸ்கோபஸ் இதழ் அல்ல, விளம்பரத்தில் என்ன போட்டிருந்தாலும் சரி. மூன்றாவது, இதழின் தளத்துக்கு அந்தப் பக்கத்தில் உள்ள இணைப்பு வழியாகவே போங்கள். கூகுளில் தேடியோ, யாரோ அனுப்பிய இணைப்பைத் தட்டியோ போகாதீர்கள். கடத்தப்பட்ட இதழ்கள் என்று ஒரு வகை உண்டு: அதே பெயர், அதே ஐஎஸ்எஸ்என், அட்டைப்படம் கூட அதே, தள முகவரி மட்டும் வேறு. உண்மையான இதழுக்கு உங்கள் கட்டுரை வந்ததே தெரியாது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தளத்தில் இப்படிப்பட்டவற்றின் பட்டியல் 2022 முதல் இருக்கிறது. அதைத் தொகுத்த அன்னா அபல்கினா, ரஷ்யக் கட்டுரைக் கடைகளைத் துருவி ஆராய்ந்தவர்.

இவ்வளவும் சரியாக இருந்தால் கடைசி இரண்டு இதழ்களைத் திறந்து, ஏதாவது பத்துக் கட்டுரையில் பெறப்பட்ட நாள், ஏற்கப்பட்ட நாள் இரண்டையும் குறியுங்கள். எல்லாமே ஒரு வாரத்துக்குள் என்றால் அங்கே யாரும் வாசிக்கவில்லை. சங்க இலக்கியமும் சிமென்ட் கலவையும் ஒரே இதழில் அடுத்தடுத்து இருந்தால் அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை.

தேறிய இதழுக்கு அனுப்பினால், அனுப்பும் நாளிலும் ஏற்கப்பட்ட நாளிலும் ஸ்கோபஸ் பக்கத்தின் படத்தைத் தேதி தெரியும்படி சேமித்துக் கோப்பில் வையுங்கள். அளவுகோல்கள் நிற்பதில்லை. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் வெப் ஆஃப் சயின்ஸ் ரஷ்யாவில் சேவையை நிறுத்தியது. வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ் தரவுத்தளங்களில் கட்டுரை வேண்டும் என்ற நிபந்தனையை ரஷ்ய அரசே நிறுத்திவைத்து, சொந்தமாக ‘வெள்ளைப் பட்டியல்’ தயாரிக்கப் போனது. பத்து வருடம் அந்த அளவுகோலுக்கென்றே எழுதிப் பழகிய நடுவயதுக்காரர்கள் மறுபடி வேறு அளவுக்கு மாற வேண்டியிருந்தது. நம் ஊரில் கேர் போனதும் இதே வயதுக்காரர்களைத்தான் பதற வைத்தது. கட்டுரை வந்த நாளில் இதழ் பட்டியலில் இருந்தது என்பதற்குத் தேதியிட்ட சான்று இருந்தால், பின்னால் பட்டியல் மாறினாலும் வாதாட ஒரு பிடி இருக்கும்.

அரசுக் கல்லூரிகளுக்கு 2025 ஜனவரியிலிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா, பொறுப்பு அலுவலர் யார், வீட்டிலிருந்து நுழைய முடிகிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். தனியார் கல்லூரிகளுக்கு முதல் கட்டத்தில் இது கிடையாது.

இனிஷியல் தொல்லை

ஒரு பேராசிரியர் கி. முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1998 கட்டுரையில் இனிஷியல் முன்னால், 2011-ல் பின்னால். கடவுச்சீட்டுக்காக அப்பா பெயர் விரிந்த பிறகு 2020-ல் ‘முருகேசன் கிருஷ்ணன்’. தரவுத்தளம் கடைசிப் பெயரைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டு கிருஷ்ணன் என்பவருக்குத் தனிக் கணக்கு திறந்துவிடும். ஒரே ஆள் மூன்று ஆளாகப் பிரிந்து மேற்கோள் எண்ணிக்கையும் பிரிந்துபோகும். திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறிய ஆசிரியைகளுக்கு இது இன்னும் மோசம். சோவியத் நாடுகளில் சிரில்லிக் எழுத்தால் வந்த தொல்லையும் இதே சாயல்தான்: யூரி என்ற பெயருக்கு ரோமன் எழுத்தில் பல எழுத்துக்கூட்டல், உக்ரைன்காரர் ஒருவர் பழைய கட்டுரையில் செர்கேய், புதியதில் செர்ஹி. ரஷ்ய மொழியில் மட்டும் எழுதிய மூத்தவர்களின் படைப்பு தரவுத்தளக் கண்ணில் படவே இல்லை.

மூத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு இளையவரை இணைத்து, இரண்டு பிற்பகலில் முடியுங்கள். ஆய்வாளருக்கான அடையாள எண்ணான ஆர்க்கிட் ஒன்று வாங்கி, அதில் எல்லா வடிவங்களையும் ‘வேறு பெயர்கள்’ பகுதியில் சேர்த்து, ஸ்கோபஸில் பிரிந்த கணக்குகளை ஒன்றாக்கக் கோரிக்கை அனுப்பி, இந்திய ஆய்வாளர் விவரங்களைத் தொகுக்கும் வித்வான் தளத்திலும் ஏற்றுங்கள். இனி எழுதும் கட்டுரைகளுக்கு ஒரே வடிவத்தை முடிவு செய்து துறைப் பதிவேட்டில் எழுதுங்கள். மின்னஞ்சலுக்குக் கல்லூரி முகவரியோடு சொந்த முகவரி ஒன்றும் ஆர்க்கிட்டில் இருக்கட்டும். ஓய்வுபெற்ற மறுநாள் கல்லூரி மின்னஞ்சல் மூடப்பட்டால் கணக்கே கைவிட்டுப் போகும்.

மூத்தவரின் பீரோ

மூத்த தலைமுறையிடம் கட்டுரை எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். தரவு அவர்களிடம்தான் இருக்கிறது. படுகர் கிராமங்களில் எண்பதுகளில் பதிவு செய்த ஒலிநாடாக்கள், தோடர் குடியிருப்புகளான மந்துகளின் பழைய நிழற்படங்கள், சோலைக்காட்டுத் தாவர உலர்மாதிரிகள், எஸ்டேட் மழைமானிக் குறிப்பேடுகள். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1900களின் தொடக்கத்திலிருந்து எடுத்த படத்தட்டுகள் இன்று எண்ணிமமாகி உலகம் முழுக்கச் சூரிய ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. எடுத்தவர் காலத்தில் இந்த அளவுகோல் எதுவும் கிடையாது.

ஓய்வுக்கு 18 மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். கையெழுத்துக் குறிப்பை 300 டிபிஐயிலும், நிழற்படத்தை 600 டிபிஐயிலும் ஸ்கேன் செய்யுங்கள். ஒலிநாடாவைச் சுருக்காத வேவ் கோப்பாக எடுங்கள். எம்பி3 நகல் கேட்பதற்கு மட்டும். வேலையை டிசம்பர் முதல் மார்ச் வரை வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் தொடங்கிவிட்டால் ஈரத்தில் நாடா ஒட்டிக்கொள்ளும், உலர்மாதிரியில் பூஞ்சை ஏறும். ஒவ்வொரு கோப்புக்கும் யார், எங்கே, எந்த நாள், யாருடைய அனுமதியோடு என்று நான்கு வரி மூத்தவரையே சொல்லவைத்து எழுதுங்கள். அந்த நான்கு வரி இல்லாத ஒலிப்பதிவு பின்னால் ஆய்வுக்கு உதவாது. பழங்குடியினர் சடங்குப் பதிவுகளை அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமல் இணையத்தில் ஏற்றக் கூடாது. அப்போது கொடுத்த அனுமதி ஒரு நாடாவுக்குத்தான், உலகத்துக்கு அல்ல.

தமிழ் ஆய்வேடும் ஒப்புமைச் சோதனையும்

யுஜிசியின் 2018 கருத்துத்திருட்டு விதிமுறையில், பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவு ரத்து. மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் கணக்கில் வராது, தொடர்ந்து 14 சொல் வரை ஒத்துப்போவதும் வராது. சங்கப் பாடலை மேற்கோள் குறியில்லாமல் உள்ளே தள்ளியிருந்தால் மென்பொருள் அதைத் திருட்டு என்றே காட்டும், ஆகவே ஒவ்வொரு பாடலுக்கும் குறி போடுங்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு கோளாறு உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஆய்வேட்டை ஏற்றினால் மென்பொருளுக்குத் தெரிவது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துக் குப்பை. முடிவு பூஜ்யம் சதவீதம் என்று வரும். தமிழ் ஆய்வேட்டில் பூஜ்யம் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், எழுத்துருவைப் பாருங்கள். ரஷ்யாவில் இதையே வேண்டுமென்று செய்தார்கள்: சிரில்லிக் எழுத்துக்குப் பதில் அதே தோற்றமுள்ள லத்தீன் எழுத்தை நுழைத்துச் சோதனையை ஏமாற்றினார்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடாக்கி, கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்த்து, பிறகு சோதனைக்கு அனுப்புங்கள். 300 பக்க ஆய்வேட்டுக்கு இந்தத் திருத்தம் ஒரு வாரம் பிடிக்கும்.

கௌரவ விரிவுரையாளர், பிறகு நாட்காட்டி

கௌரவ விரிவுரையாளரின் கட்டுரைக் கட்டணத்தை அவர் சம்பளத்திலிருந்து கட்டவைக்காதீர்கள். கட்டணமில்லாத இதழையே தேர்ந்தெடுங்கள், அல்லது நிரந்தரப் பணியில் இருக்கும் இணை ஆசிரியர் கட்டட்டும். அவர் வேறு கல்லூரிக்குப் போனாலும் பாதியில் நிற்கும் கட்டுரையில் பெயர் இருக்கும் என்பதை அந்தக் கையெழுத்துத் தாளிலேயே எழுதுங்கள். 2022 விதிமுறையில் ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை கட்டாயம் என்ற நிபந்தனை நீக்கப்பட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தன் சொந்த விதியில் அதை வைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லாத நிபந்தனைக்காக ஒருவர் அவசரமாகக் காசு கட்டிப் போட வேண்டாம்.

ஆய்வு மாணவரின் முன்னேற்றத்தைப் பார்க்கும் ஆய்வு ஆலோசனைக் குழு ஒவ்வொரு பருவத்திலும் கூட வேண்டும். கோவையிலிருந்து வருபவருக்கு மலையேற மூன்று மணி நேரம். ஜூலை ஆகஸ்டில் கூடலூர் பக்கமும், அக்டோபர் நவம்பரில் குன்னூர், கோத்தகிரிச் சாலையும் மண்சரிவில் எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. முதல் பருவக் கூட்டத்தை செப்டம்பரிலும், அடுத்ததை ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரியிலும் வையுங்கள். வாய்மொழித் தேர்வை ஏப்ரல் மே சீசனில் வைக்காதீர்கள். வேறு வழியில்லாமல் வைத்தால், சொந்தக் காரில் வரும் வெளித் தேர்வாளருக்கு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதி, அவருடைய வண்டி எண்ணை வாங்கித் துறையே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் அந்தக் கவலை இல்லை.